வால்

அவைத் தலைவருக்குக் கீழே எனக்கொரு சிறு மேசை.
ஐந்து நிமிடம் சுருக்கெழுத்து. பிறகு நிவியா வந்து உட்காருவாள்,
நான் மாடிக்குப் போய்த் தட்டச்சு செய்வேன்.
பத்தொன்பது ஆண்டுகளாக என் நாடு பேசுவதை
ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாகத்தான் கேட்டிருக்கிறேன்.
பாதிச் சண்டை எப்படி முடிந்தது என்பதை
மறுநாள் அச்சில் படித்துத் தெரிந்துகொள்வேன்.

இந்தப் பக்கம் தொண்ணூற்றொன்பது பேர்,
அந்தப் பக்கம் முப்பது செனட்டர்கள்.
நடுவே ஒரு பளிங்குக் கூடம்.
தொலைந்த காலடிகளின் கூடம் என்று அதற்குப் பெயர்.
கட்டியவர்கள் கேலிக்கு வைத்ததாகத் தெரியவில்லை.

உருகுவேயின் வடக்கே, தக்குவாரெம்போவிலிருந்து வந்த
வால்டெமார் இசாகிர்ரே ஒரு மசோதா கொண்டுவந்தார்.
ஐந்தே பிரிவுகள்.
உறைகுளிர் அறையில் இறைச்சி சுமப்பவருக்கு
இரண்டு மணிக்கொருமுறை இருபது நிமிடம்
வெப்ப அறையில் ஓய்வு அளிக்க வேண்டும்.
'குழுவுக்கு அனுப்பப்படுகிறது' என்றார் தலைவர்.
அதை எழுதியவள் நான்தான்.
குழுவில் அது இரண்டு குளிர்காலம் கிடந்தது.
ஆலை முதலாளிகள் வந்து பேசினார்கள்,
ஒரு மருத்துவர் விரல்களின் படங்களைக் காட்டினார்,
மாத்தே குவளை கைமாறிக்கொண்டே இருந்தது.
பிறகு அவைக்கு வந்தது, நிறைவேறியது,
கூடத்தைக் கடந்து செனட்டுக்குப் போனது.

திரும்பி வந்தபோது
நான்கு பிரிவுகள் அப்படியே இருந்தன.
மூன்றாவதில் மட்டும்
'அளிக்க வேண்டும்' போய் 'அளிக்கலாம்' ஆகியிருந்தது.

டிசம்பர். வெக்கை. பதவிக்காலத்தின் கடைசி அமர்வு.
இன்று முடியாவிட்டால் ஆவணக் கிடங்குக்கு.
செனட்டின் சொல்லை ஏற்க மறுத்தாலோ
இரு அவையும் கூடி மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்;
அத்தனை கை இசாகிர்ரேயிடம் இல்லை.
காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்,
ஒரு உறையின் பின்பக்கத்தில்.

மேலே மாடத்தில் மூன்று பேர்,
இந்த வெயிலிலும் ஆலையின் கனத்த சட்டையோடு.
கைதட்டக் கூடாது என்று காவலர் சொல்லிவைத்திருந்தார்.

என் எழுத்தில் இரண்டு சொல்லுக்கும் ஒரே கொக்கிதான்.
'வேண்டும்' என்றால் அடியில் ஒரு வால்,
'லாம்' என்றால் வால் இல்லை.
செயலாளர் மூன்றாம் பிரிவை வாசித்தார்.
கொக்கியைப் போட்டேன்.
பேனா தாளை விட்டு எழவில்லை.
நான் வால் வரைந்தால் சட்டத்துக்கு வால் முளைக்காது,
சட்டத்தின் பிரதி வேறொரு மேசையில் இருக்கிறது,
எனக்குத் தெரியும்.
இருந்தும் மை ஒரு புள்ளியாக ஊறியது.

எண்பத்தொருவரில் எழுபத்து நான்கு. நிறைவேறியது.

'என் வாக்குக்குக் காரணம் சொல்ல விரும்புகிறேன்'
இசாகிர்ரே எழுந்தார்.
மூன்று நிமிடம் உண்டு அவருக்கு.
ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்தது.
அவர் மாடத்தைப் பார்த்தார்.
உறையை மடித்தார், இன்னும் சிறிதாக மடித்தார்.
சிரிப்புக்குக் குறி வைத்திருக்கிறேன்,
முணுமுணுப்புக்கு, மணியோசைக்கு, குறுக்கீட்டுக்கு.
இதற்கு இல்லை.
'அவ்வளவுதான், தலைவரே' என்று உட்கார்ந்துவிட்டார்.
அச்சில் அது ஒரே வரி.
ஏதாவது விட்டுப்போயிற்றா என்று திருத்துநர் கேட்டார்.
இல்லை என்றேன்.

இனி அரசுத் தலைவருக்குப் பத்து நாள்,
கையெழுத்து, அரசிதழ், ஒரு எண்.

கூடத்தில் அந்த மூவரில் ஒருவர் என்னை நிறுத்தினார்.
தார்தோ எச்செகோயென் என்று சட்டையில் தைத்திருந்தது.
'நீங்கள்தானே எழுதுபவர்? நிறைவேறிற்றா?'
நிறைவேறிற்று.
'எந்தச் சொல்லோடு?'

பிறர் வாயிலிருந்து வருவதை மட்டுமே
இத்தனை வருடம் தொட்டிருக்கிறேன்.
குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன்.
அவருக்குப் புரியாத கொக்கிகள், கோடுகள்.
ஒன்றன் அடியில்
வாலும் இல்லாத, வெறுமையும் இல்லாத
ஒரு மைப்புள்ளி.
நகமில்லாத விரலால் அதைத் தொட்டார்.
'இதுவா?' என்றார்.

நிவியா கூப்பிட்டாள். என் ஐந்து நிமிடம் வந்துவிட்டது.